ஒரே பள்ளி, ஐந்து சம்பளம்

(தேசிய கல்வி நாளையொட்டி 10.11.2024 ஞாயிறு அன்று சுங்குவார்சத்திரத்தில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)





நாளை நவம்பர் 11, மௌலானா அபுல் கலாம் ஆசாத் பிறந்த நாள். 1947 முதல் 1958-இல் வஃபாத்தாகும் வரை நம் நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தவர் அவர். 2008 முதல் அந்த நாளைத் தேசிய கல்வி நாளாக வைத்திருக்கிறோம். இந்த நாளில் மேடை ஏறுகிறவர்கள் வழக்கமாக, "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்" என்று சொல்வார்கள். நானும் பல வருஷம் அதைத்தான் சொன்னேன். இன்று அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறவரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு வந்திருக்கிறேன். குறிப்பாக, ஆசிரியர் சங்கத்துக்குள் நியாயம் எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

"அது உங்கள் சங்க விவகாரம் டீச்சர், எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். இந்த ஹாலில் இருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு கம்பெனியில் ஒருவராவது வேலை செய்கிறார். உங்கள் பெண்பிள்ளைகளில் பலர் பி.எட். முடித்துவிட்டுப் பக்கத்துத் தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். நான் சொல்லப்போவது உங்கள் வீட்டு விஷயமும்தான். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் 1988-இல் இடைநிலை ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். 2019-இல் ஓய்வு பெற்றேன். கடைசிப் பத்து வருஷம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். அந்த மாதிரி ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையை உங்களுக்குக் காட்டுகிறேன்.

முதல் நாற்காலியில் என்னைப் போன்றவர். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே வேலைக்கு வந்தவர். முழுச் சம்பளம், ஓய்வு பெற்றதும் பழைய முறையில் பென்ஷன். இரண்டாவது நாற்காலியில் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர். அவருக்குச் சம்பளம் உண்டு, பழைய பென்ஷன் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியம் என்று மாதாமாதம் பிடித்தம் மட்டும் இருந்தது.

மூன்றாவது நாற்காலியில் 2009 ஜூன் 1-க்குப் பிறகு வந்த இடைநிலை ஆசிரியர். அவருக்கு அந்தப் பென்ஷனும் இல்லை, சம்பளமும் குறைவு. ஆறாவது ஊதியக் குழுவை நம் மாநிலத்தில் நடைமுறைப்படுத்தியபோது, 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று வைத்தார்கள். மறுநாளில் இருந்து சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். படிப்பு, பாடப் புத்தகம், வேலை நேரம் எல்லாம் ஒன்று. தேதி மட்டும்தான் வேறு. வித்தியாசம் 3,170 ரூபாய். 2017 ஊதிய மாற்றத்தில் எல்லோருடைய அடிப்படையும் 2.57-ஆல் பெருக்கப்பட்டது. அந்த 3,170-ஐப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 8,147 ரூபாய் வரும். அதன் மேல் அகவிலைப்படி வேறு. பள்ளம் தானாக ஆழமாகிக்கொண்டே போகிறது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் மாநிலம் முழுக்கச் சுமார் 20 ஆயிரம் பேர்.

நான்காவது நாற்காலி, சில நாள் காலியாக இருக்கும். அது பகுதிநேர ஆசிரியருடையது. ஓவியம், தையல், உடற்கல்வி, கம்ப்யூட்டர் சொல்லித்தர 2012-இல் 16,549 பேரை எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024-இல் 12,500. அப்போதும் மே மாதம் சம்பளமே இல்லை. மே மாதம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாதா என்று யாரும் கேட்பதில்லை.

ஐந்தாவது, நாற்காலிகூட நிரந்தரமில்லாதவர். 2022-இல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக எடுத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்கத்தில் 7,500 ரூபாய்.

மணி அடித்தால் ஐந்து பேரும் ஒரே மாதிரி எழுந்து வகுப்புக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து பேரும் "டீச்சர்"தான்.

கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பிமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே லைன், ஒரே ஷிப்ட், ஒரே வேலை. ஒருவர் பெர்மனன்ட், ஒருவர் கான்ட்ராக்ட், ஒருவர் டிரெய்னி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவீர்கள், சம்பளச் சீட்டை மட்டும் ஒருவருக்கொருவர் காட்ட மாட்டீர்கள்.

இப்படிப் பிரித்தது அரசாங்கம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இன்று நான் அரசாங்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. பிரிக்கப்பட்ட பிறகு எங்கள் சங்கம் என்ன செய்தது, நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் வந்தேன்.

2018-ஆம் வருஷம். எங்கள் சங்கத்தின் வட்டாரக் கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. நான் அப்போது பொருளாளர். மேடையில் ஆறு நாற்காலி. ஐந்தில் ஆண்கள், ஒன்றில் நான். கீழே பெண்கள்தான் அதிகம், எல்லோரும் பின்வரிசையில். அவர்களில் பலர் ஆறு மணிக்கு மேல் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் பிள்ளை, சமையல், கடைசி பஸ்.

எங்கள் பள்ளிக்கு 2012 டிசம்பரில் வேலைக்கு வந்த ஒரு ஆசிரியை எழுந்தார். வயதில் என் மகள் மாதிரி. "எங்கள் ஊதிய முரண்பாட்டைக் கோரிக்கைப் பட்டியலில் முதலில் வையுங்கள்" என்று கேட்டார். நிர்வாகி ஒருவர் பதில் சொன்னார்: "பட்டியலில் இருக்கிறதேம்மா! முதலில் பழைய பென்ஷனை வாங்குவோம். அதில் எல்லோரும் சேர்ந்து நிற்பார்கள். உங்களுடையது ஒரு பிரிவுக்கு மட்டும் உள்ள பிரச்சினை. அதை முன்னால் வைத்தால் மற்றவர்கள் வர மாட்டார்கள்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போராட்டம் நடத்துகிறவருக்குக் கூட்டம் வேண்டும், அது அவருடைய கணக்கு. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, முதலில் இருப்பது வேறு. ஒன்பது கோரிக்கையோடு பேச்சுவார்த்தைக்குப் போனால் முதல் இரண்டைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், கடைசியில் இருப்பது "பரிசீலிக்கிறோம்" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வரும். முப்பது வருஷ அனுபவத்தில் இது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் மேடையில் என்னைப் பார்த்தார். நான் வரவு செலவு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க அவசரமாக ஒன்றுமில்லை.

அந்த டிசம்பர் 24-ஆம் தேதி சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் இடைநிலை ஆசிரியர்கள் உண்ணாவிரதம் ஆரம்பித்தார்கள். குடும்பத்தோடு, கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார்கள். மார்கழிக் குளிரில் இரவும் திறந்தவெளியில்தான். பலர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஆறாம் நாள், ஓர் உறுதிமொழியின் பேரில் போராட்டம் முடிந்தது. எங்கள் பள்ளி ஆசிரியையும் அங்கே இருந்தார். அரையாண்டு விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். டி.வி.யில் பார்த்தேன்.

அடுத்த மாதம், 2019 ஜனவரி 22 முதல், ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம். எங்கள் வட்டாரத்தில் முதல் நாளே அவர் வந்து நின்றார். அந்த நாட்களுக்கான சம்பளத்தை இழக்க அவரைவிட எனக்கு வசதி அதிகம். பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்க எனக்கு எதிரா எதுவும் பேசல, அது எனக்குத் தெரியும். எனக்காகவும் எதுவும் பேசல."

சங்கம் கூப்பிட்டபோது அவர் வந்தார். அவர் கூப்பிட்டபோது சங்கம் போகவில்லை, நானும் போகவில்லை. இதை நான் ஐந்து வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவர்கள் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2022 டிசம்பரில் மறுபடி உண்ணாவிரதம், அதன் பிறகு ஒரு குழு. 2023 செப்டம்பர் 28-இல் மறுபடியும், அக்டோபர் 5-இல் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. 2021 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த கட்சி கொடுத்த 311-ஆவது வாக்குறுதியைத்தான் நிறைவேற்றச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பெரியோர்களே! சங்கம் என்பது பலவீனமானவருக்காக ஏற்பட்ட அமைப்பு. பலமுள்ளவர் தனியாகவே அதிகாரியைப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொள்வார். ஆகவே ஒரு சங்கத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க, அதன் மாநாட்டுக் கூட்டத்தை எண்ண வேண்டாம். அதில் கடைசியாக வந்து சேர்ந்தவர், மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர், அவருடைய குரல் எங்கே கேட்கிறது என்று பார்த்தால் போதும்.

இது நம் ஊரில் மட்டும் வந்த சோதனை இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒரே வேலைக்கு ஆசிரியைகளுக்குக் குறைந்த சம்பளம், ஆசிரியர்களுக்குக் கூடுதல் சம்பளம். அங்கே தேசிய ஆசிரியர் சங்கத்தில் பெண்கள் நிறையப் பேர் இருந்தும், சம ஊதியத்தைச் சங்கத்தின் கொள்கையாக்க அவர்கள் பல வருஷம் சங்கத்துக்குள்ளேயே வாதாட வேண்டியிருந்தது. 1919-இல் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதைப் பிடிக்காத ஆண்களில் ஒரு பகுதியினர் பிரிந்து தனிச் சங்கம் நடத்தினார்கள். இன்னொரு பக்கம், கொள்கை ஏட்டில் மட்டும் இருக்கிறதே என்று வெறுத்துப் பெண்களில் ஒரு பகுதியினரும் தனிச் சங்கமாகப் போனார்கள். 1955-இல்தான் அரசு ஒப்புக்கொண்டது, 1961-இல்தான் முழுச் சம ஊதியம் கைக்கு வந்தது. தீர்மானத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் 42 வருஷம்! தீர்மானம் போட்டதோடு நம் வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் நாட்டிலும் சட்டம் நியாயத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவில் அரசுக்குச் சொல்லப்பட்ட வழிகாட்டுதல். 2016 அக்டோபரில் பஞ்சாப் தற்காலிக ஊழியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்கிற தற்காலிக ஊழியருக்கும் அந்தப் பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பகுதிநேர ஆசிரியருக்காக வழக்கு நடத்தப் பணமும் வக்கீலும் யாரிடம் இருக்கிறது? பெரிய சங்கத்திடம்தான் இருக்கிறது.

ஆகவே இப்போது சங்கத்தில் இருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு நான் சொல்வது நான்கு விஷயம்.

ஒன்று, பகுதிநேரமோ தற்காலிகமோ, அவருக்கும் முழு உறுப்பினர் உரிமையும் ஓட்டும் கொடுங்கள். சந்தாவைச் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி வாங்குங்கள். லட்சம் ரூபாய் சம்பளக்காரரிடமும் 12,500 ரூபாய்க்காரரிடமும் ஒரே சந்தா வாங்குவது பார்ப்பதற்குச் சமத்துவம், உண்மையில் அது நியாயம் இல்லை.

இரண்டு, கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில், வரக்கூடிய இடத்தில் வையுங்கள். பெண்களை மேடையில் ஒரு நாற்காலியோடு நிறுத்தாதீர்கள். என்னைப் போல ஒருத்தியை உட்கார வைத்துவிட்டால் பெண்களுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஒருத்தியும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

மூன்று, பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில், யாருடைய கோரிக்கையைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ அவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

நான்கு, ஒவ்வொரு வருஷமும் ஒரு கோரிக்கையையாவது மிகக் குறைந்த சம்பளக்காரருடையதாக முதலில் வையுங்கள். மே மாதச் சம்பளத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

தம்பிமார்களே! உங்களுக்கும் இது பொருந்தும். போன செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை இதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததை நாம் கண்ணால் பார்த்தோம். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. சங்கம் அமைக்கும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் அரசியலமைப்பு கொடுத்தது. நாளை உங்கள் கம்பெனியிலும் சங்கம் வரலாம். வந்தால், கான்ட்ராக்ட் தோழரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகாதீர்கள்.

இப்போது தனியார் பள்ளியில் வேலை செய்யும் நம் பெண்பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்குச் சங்கமே இல்லை. கேள்வி கேட்டால் அடுத்த ஜூனில் வேலை இருக்காது. 1988-இல் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆக மாட்டார் என்று சொல்லிவிட்டது. அதனால் கம்பெனித் தொழிலாளி போலத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அவர்கள் போக முடியாது. ஆனால் கை முழுக்கக் காலியாக இல்லை. மூன்று விஷயத்தை வீட்டில் குறித்து வையுங்கள்.

முதலாவது, பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. ஆசிரியர் அமைப்புகள் விடவில்லை. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்துவிட்டது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். கடைசிச் சம்பளம் 13,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள். ஒரு வருஷத்துக்கு 7,500, பத்து வருஷத்துக்கு 75,000 ரூபாய். கல்யாணத்துக்காக வேலையை விடும் எத்தனை பெண்கள் இது தெரியாமல் ஒரு சால்வையோடு வீடு திரும்புகிறார்கள்!

இரண்டாவது, இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவருக்கு உண்டு, தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். அதில் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். மூன்றாவது, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் பி.எஃப். வேலை உத்தரவு, சம்பளம் வரும் வங்கிப் பதிவு, இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையில் காகிதம் இருந்தால்தான் பேச முடியும்.

கடைசியாக, நம்மைப் பற்றியும் பேசிவிடுகிறேன். கோபப்படாதீர்கள். கூலியைக் குறைக்காமல், தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆ பயானில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம் மஹல்லா மக்தப் மதரஸாவில் மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு என்ன கொடுக்கிறோம்? பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவுக்கு, அதே வேலைக்கு, அதில் பாதியாவது கொடுக்கிறோமா? "அவங்களுக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்று சொல்லித்தானே குறைக்கிறோம்? இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியைகளுக்கு எதிராகச் சொன்னதும் இதே வாதம்தான். ரமலான் விடுமுறையில் அவர்களுக்குச் சம்பளம் உண்டா? பகுதிநேர ஆசிரியரின் மே மாதத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்ட நாம், நம் மதரஸாவின் விடுமுறை மாதத்தையும் பார்க்க வேண்டும்.

2009 முதல் நம் மாநிலத்தில் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியம் இருக்கிறது. இமாம், முஅத்தின், அரபி ஆசிரியர், மதரஸாப் பணியாளர் எல்லோரும் 18 முதல் 60 வயதுக்குள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். காஞ்சிபுரம் ஆட்சியர் வளாகத்தில், பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் மஹல்லாக்களில் யார் யார் பதிவு செய்யவில்லை என்று ஒரு பட்டியல் எடுக்க அறக்கட்டளை நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். படிவம் நிரப்பித் தரும் வேலையை நான் செய்கிறேன். பொருளாளராக இருந்தவள், காகித வேலை எனக்குப் பழக்கம்.

போன மாதம் அந்த ஆசிரியையை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இப்போது அவர் எங்கள் பழைய வட்டாரத்தில் சங்க நிர்வாகி. "டீச்சர், பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவரைச் செயற்குழுவில் சேர்த்திருக்கோம்" என்றார். தன் பிரச்சினை தீராத நிலையிலும், தனக்குக் கீழே இருப்பவருக்கு நாற்காலி போட்டுவிட்டார். மேடையில் உட்கார்ந்து நான் செய்யாததை, கீழே நின்று கேட்டவர் செய்து காட்டியிருக்கிறார்.

அடுத்த முறை ஆசிரியர்கள் தெருவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "சம்பளம் வாங்கிக்கொண்டே போராடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவர்களில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். கேட்ட பிறகு உங்களுக்கே வேறு மாதிரி தோன்றும்.

நம் வீட்டிலும், நம் மதரஸாவிலும், நாம் சேரும் ஒவ்வொரு சங்கத்திலும் நியாயத்தோடு நடந்துகொள்ள அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.